முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து: குமரிப் பாக்கெட்டுகளின் பெயர்களுக்கு ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்சந்தை என்று எந்தப் பேருந்து நிறுத்தத்துப் பக்கம் போனாலும் பலகாரக் கடை வாசலில் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். நேந்திரங்காய் சிப்ஸ், சக்கை வத்தல், மரச்சீனி சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கருப்பட்டி, தேன். ருசியைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இங்கே மதிப்பிடுவது பாக்கெட்டின் மேல் அச்சாகியிருக்கும் சொற்களை மட்டும்: பெயர், அதற்கு அடியில் உள்ள வரி, மூலையில் நட்சத்திரத்துக்குள் இருக்கும் பெருமைச் சொல். நல்ல சரக்கு பெயரால் தேங்கிக் கிடப்பதையும், சுமாரான சரக்கு பெயரால் ஓடுவதையும் இந்தச் சரத்திலேயே பார்க்கலாம். எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒரே தவறைப் பத்துப் பேர் செய்யும்போது ஒருவரை மட்டும் பிடித்து இழுப்பது நியாயமில்லை.

முதலில் முந்திரிக்கொத்து. சிறுபயறை வறுத்துக் கரகரப்பாகத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, கருப்பட்டிப் பாகிலோ வெல்லப் பாகிலோ பிசைந்து உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டவைத்து, மஞ்சள்பொடி கலந்த அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்து எடுப்பது. இதில் முந்திரிப் பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. தமிழிலும் கொடிமுந்திரி என்பது அதுதான். மூன்று உருண்டை ஒட்டியிருப்பது திராட்சைக் குலை மாதிரி இருப்பதால் முந்திரிக்கொத்து என்பதுதான் ஊரில் சொல்லும் விளக்கம். முந்திரிப் பருப்புக்கு இங்கே அண்டிப்பருப்பு என்று தனிச்சொல் இருக்கிறது. பருப்பு உடைக்கும் ஆலைக்கே ‘அண்டி ஆபீஸ்’ என்றுதான் பெயர். அதனால் உள்ளூரில் யாரும் இதில் முந்திரிப் பருப்பைத் தேடுவதில்லை.

பாக்கெட் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் கதை மாறுகிறது. மதுரைக்காரர் முந்திரி என்ற சொல்லுக்காகவே வாங்குவார். கடித்துப் பார்த்துவிட்டு ‘ஏமாத்திட்டாங்க’ என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். பெயர் மேல் தவறில்லை, படத்தின் மேல்தான். லேபிள் போடுகிறவர் இணையத்தில் ‘முந்திரி’ என்று தேடி, வந்து விழுந்த பருப்புப் படத்தை உருண்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார். பொருளில் இல்லாததைப் படமாகக் காட்டினால் அது வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் லேபிள். உணவுப் பாதுகாப்பு விதியில் சொல்லுக்கும் படத்துக்கும் ஒரே அளவுகோல்தான். மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர் அந்தப் படத்தைப் பார்த்தே விலகிப் போவது கூடுதல் நஷ்டம். இதற்காகப் பெயரை மாற்றினால் அது முட்டாள்தனம். பெயருக்கு அடியில் பாதி அளவு எழுத்தில் ‘சிறுபயறு – கருப்பட்டி உருண்டை’ என்று ஒரு வரி சேர்த்து, பருப்புப் படத்தை எடுத்துவிட்டு, மூன்று உருண்டை ஒட்டியிருக்கும் கோட்டுப்படம் ஒன்றைப் போட்டால் போதும். கொத்து என்பதன் அர்த்தம் படத்திலேயே புரிந்துவிடும்.

சக்கையின் நிலைமை இதைவிட மோசம். இங்கே சக்கை என்றால் பலா. ‘சக்கை வத்தல்’ என்று படித்ததும் குலசேகரம்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறும். மற்ற ஊர்த் தமிழில் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் எறிவது. கரும்புச் சக்கை, எலுமிச்சைச் சக்கை. ‘சக்கை சிப்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துத் திருச்சிக்கு அனுப்புவது, குப்பை என்று எழுதி விற்பதற்குச் சமம். ‘வத்தல்’ என்ற இரண்டாம் சொல்லும் இங்கே துணைக்கு வராது. மற்ற ஊர்களில் வத்தல் என்றால் வெயிலில் காயவைத்தது, வீட்டில் மறுபடி பொரிக்க வேண்டியது. நேராக எண்ணெயில் பொரித்த சுளையை வத்தல் என்று வாங்கியவர், திரும்பவும் வாணலியில் போட்டுக் கருக்கிவிட்டுக் குறைசொல்ல வாய்ப்பு உண்டு. ‘சக்கை வத்தல்’ முன்பக்கம் இருக்கட்டும். அதே பக்கத்தில் ‘பலாச்சுளை சிப்ஸ், அப்படியே சாப்பிடலாம்’ என்ற வரியும் இருக்க வேண்டும்.

மரச்சீனியில் ‘சீனி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் (ஆட்சி 1880–85) பரப்பிய கிழங்குக்கு இங்கே நிலைத்த பெயர் அது. சேலத்துக்காரர் குச்சிக்கிழங்கு, மரவள்ளி என்பார். உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்ட மரச்சீனி சிப்ஸை இனிப்பு என்று நினைத்துச் சர்க்கரை நோயாளி ஒதுக்குவதும், இனிப்பு கேட்டவர் வாங்கிவிட்டு முகம் சுளிப்பதும் இந்த ஒரு சொல்லின் வேலை. செந்துளுவன் என்றால் செவ்வாழை, நெத்தோலி என்றால் நெத்திலி, சாளை என்றால் மத்தி, நெய்மீன் என்றால் சென்னையில் வஞ்சிரம். இவற்றை இரண்டு பெயரும் போட்டு விற்றால் தீர்ந்துவிடும், நீட்டி எழுத ஒன்றுமில்லை.

மட்டி என்ற சிறு வாழைப்பழத்தின் பெயர் மட்டும் வேறு ரகம். அகராதியில் மட்டி என்றால் மூடன். கடற்கரையில் மட்டி என்றால் சிப்பி. இரண்டுமே பழத்துக்கு ஆகாத அர்த்தங்கள். இருந்தும் மட்டிப்பழம் என்ற பெயருக்கு ஒரு குறையும் நேரவில்லை. காரணம், அது குறிக்கும் பழத்துக்கு வெளியூரில் வேறு பெயர் இல்லை. மணமும் சிறுத்த உருவமும் கொண்ட அந்தப் பழம்தான் நினைவுக்கு வரும். சக்கைக்குப் போட்டியாகப் பலா என்ற சொல் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. மட்டிக்குப் போட்டிச் சொல் இல்லை. 2023ல் ‘கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம்’ என்றே புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த உள்ளூர்ச் சொல்லைத் தனியாக விடலாம், எதற்குக் கைத்தடி கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய இதுவே உரைகல்: அந்தப் பொருளுக்கு வெளியூரில் வேறு பெயர் இருக்கிறதா? இருந்தால் துணை வரி போடுங்கள். இல்லாவிட்டால் சொல்லைத் தனியே நிற்க விடுங்கள்.

இந்த இரட்டைப் பெயர்கள் எப்படி வந்தன என்பது மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த மண், சந்தையில் மலையாளமும் தமிழும் ஒரே தராசில் புழங்கிய மண். வியாபாரிகள் பலர் கவனிக்காத விஷயம் வேறு. கடைப் பலகைக்கு ஒரு மொழிச் சட்டம், பாக்கெட்டுக்கு வேறு மொழிச் சட்டம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள், 1948ன் 15ஆம் விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் வருவதை அதிகாரிகள் பார்க்கிறார்கள். பாக்கெட்டுக்கு அப்படி இல்லை. 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளின்படி கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். தமிழில் மட்டும் அச்சடித்து மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கட்டாயம் இல்லாததால் பாக்கெட்டில் உள்ள தமிழ் இடம் முழுக்க உங்கள் கையில். ஆங்கிலத்தில் ‘பனானா சிப்ஸ்’ என்று சட்டத்துக்குச் சொல்லிவிட்டால், தமிழில் நேந்திரங்காய்க்கு ‘ஏத்தங்காய்’ என்று ஊர்ச்சொல்லைத் தைரியமாக வைக்கலாம். பெரும்பாலான பாக்கெட்டுகளில் அந்த இடத்தில் இருப்பது ‘பனானா சிப்ஸ்’ என்பதன் தமிழ் எழுத்து வடிவம். கிடைத்த ஒரே சுதந்திரமான இடத்தை ஆங்கிலத்துக்கே திருப்பிக் கொடுப்பது எங்கள் பார்வையில் இந்த அடுக்கின் மிகப்பெரிய வீண்செலவு.

லேபிளில் பெயருக்கு இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் பிராண்டு உட்கார வேண்டும், மற்றொன்றில் பொருளின் பெயர். குமரிப் பாக்கெட்டுகள் நூறில் பெரும்பங்கு இரண்டையும் ஒரே நாற்காலியில் ஏற்றுகின்றன: ‘நாகர்கோவில் ஸ்பெஷல் நேந்திரம் சிப்ஸ்’. ஊர், புகழ்ச்சி, பொருள் எல்லாம் இதில் இருக்கிறது. இல்லாதது செய்தவர் யார் என்பதுதான். தமிழ்நாட்டுப் பல ஊர்களில் ‘நாகர்கோவில் சிப்ஸ்’ என்று பலகை மாட்டிய கடைகளைப் பார்க்கலாம். ஒருவருக்கொருவர் சம்பந்தம் கிடையாது. ஐயங்கார் பேக்கரி, திண்டுக்கல் பிரியாணி மாதிரி ஊர்ப்பெயர் வகைப்பெயர் ஆகிவிட்டது. வாடிக்கையாளர் இரண்டாம் முறை வரும்போது அதே கடையைத்தான் தேடுகிறார் என்றாலும், தேடிச் சொல்ல அவரிடம் பெயர் இல்லை. அதைவிட வேடிக்கை, மாவட்டத்துக்குள்ளேயே வாழைக்காய் வாங்கிப் பொரித்துவிட்டுக் ‘கேரளா சிப்ஸ்’ என்று பாக்கெட்டில் போடுவது. சொந்த ஊரின் பெயரை வெளியூர்க்காரர் கடனாக வாங்கிப் பிழைக்கும்போது ஊர்க்காரர் பக்கத்து மாநிலத்தில் கடன் வாங்குகிறார்.

பதிவு செய்யப் போகும்போதுதான் இதன் விலை தெரியும். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளின் வகை, தரம், அளவு, விளையும் இடம் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொற்களைப் பதிவிலிருந்து தள்ளிவைக்கிறது. ‘நாகர்கோவில்’ இடம், ‘ஸ்பெஷல்’ தரம், ‘நேந்திரம் சிப்ஸ்’ வகை. மூன்றும் போனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் (தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும், மற்றவர்களுக்கு 9,000). பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல 30 நாள். அதைக் கவனிக்காமல் விட்டு விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. சிலர் தேங்காய் மரமும் அலையும் வரைந்த லோகோவோடு சேர்த்துப் பதிவு வாங்கிவிடுவார்கள். அப்புறம் ‘நாகர்கோவில் சிப்ஸ்’ எனக்குச் சொந்தம் என்று பக்கத்துக் கடைக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். 17ஆம் பிரிவைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும்: முழுச் சின்னத்துக்குத்தான் உரிமை, அதற்குள் இருக்கும் பொதுச்சொல்லுக்குத் தனி உரிமை இல்லை.

வகுப்பு எண்ணிலும் கோட்டை விடுகிறார்கள். வாழைக்காய் சிப்ஸ் 29ஆம் வகுப்பு, முறுக்கு, தேன் 30, பச்சைப் பழம் 31, விற்பனைக் கடை 35, உணவகம் 43. சிப்ஸும் முறுக்கும் விற்கிறவர் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இரண்டும் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’க்கும் ‘நந்தினி டீலக்ஸ்’ உணவகத்துக்கும் நடந்த வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம், ஒரே சொல்லும் ஒரே வகுப்பும் என்றாலும் பொருள்கள் வேறு என்றால் இரண்டும் இருக்கலாம் என்றது. வகுப்பு எண் வெறும் அலமாரி. உள்ளே என்ன பொருள் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. தமிழ் எழுத்தில் சின்னம் கொடுத்தால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் கொடுக்க வேண்டும். ‘இது எங்க ஊர்ச் சொல், சென்னையில யாருக்கும் தெரியாது’ என்று ‘அக்கானி’யைப் பதநீர் பானத்துக்குப் பெயராகக் கொடுத்தால், பொருள் எழுதும் கட்டத்திலேயே ‘பதநீர்’ என்று எழுத வேண்டி வரும். பிடிபட்டுவிடும். அதே அக்கானியை விளக்குக்கோ சட்டைக்கோ வைத்தால் சட்டம் தடுக்காது, ஏனென்றால் அங்கே அது பொருளை வர்ணிக்கவில்லை. பதநீர் காய்ச்சிய பாகுக்கு இங்கே ‘கூப்பனி’ என்று அழகான சொல் இருக்கிறது. கேட்கும்போது கூப்பனும் கம்பெனியும் சேர்ந்தது போலத் தொனிப்பதால் பிராண்டாக வைக்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பொருள் பெயராக வைத்தால் அருமை.

இனி மூலையில் இருக்கும் நட்சத்திரம். ‘ஃபிரெஷ்’, ‘ஒரிஜினல்’, ‘பாரம்பரிய’, ‘சுத்தமான’, ‘வீட்டுச் சுவை’. இந்தச் சொற்களை நினைத்தபடி எழுத முடியாது. 2018ஆம் ஆண்டு விளம்பரம், உரிமைகோரல் விதிகளில் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை இருக்கிறது. கழுவுவது, தோலுரிப்பது, குளிரூட்டுவது, நறுக்குவது போன்றவற்றைத் தாண்டிப் பதப்படுத்தாத பொருளுக்குத்தான் ‘ஃபிரெஷ்’ பொருந்தும். எண்ணெயில் பொரித்து நைட்ரஜன் அடைத்த சிப்ஸுக்கு அந்தச் சொல் ஒட்டவே ஒட்டாது. ‘சுத்தமான’ என்பது வேறெதுவும் சேராத ஒற்றைப் பொருளுக்கு. கருப்பட்டிக்கும் தேனுக்கும் சரி, கலவை மசாலாவுக்குத் தவறு. ‘பாரம்பரிய’ என்றால் தலைமுறைகளாக மாறாத செய்முறை வேண்டும். முந்திரிக்கொத்துக்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். பெரிபெரி மசாலா தூவிய நேந்திரத்துக்குச் சொல்லக் கூடாது. பிராண்டின் பெயரிலேயே இப்படியொரு சொல் இருந்து அது வாங்குபவரைக் குழப்புமானால், இது வெறும் வணிகப் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வாசகத்தைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் உயர எழுத்தில் போட வேண்டும். பெயரில் பெருமை அடித்துவிட்டு அடியில் ‘அப்படி இல்லை’ என்று எழுதுவதைவிட அவமானம் ஒரு பிராண்டுக்கு வேறில்லை.

சிப்ஸில் பெயரைவிடக் கனமான சொல் ‘தேங்காய் எண்ணெய்’. அதற்காகத்தான் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ‘தேங்காய் எண்ணெயில் பொரித்தது’, ‘தேங்காய் எண்ணெய் சேர்த்தது’, ‘தேங்காய் எண்ணெய் மணம்’ என்று மூன்று வாசகங்கள் அடுக்கில் உண்டு. மூன்றும் மூன்று வேறு சரக்கு. பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. வாழைக்காய்க்கு அடுத்து பாமோலின் இருந்து, அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெய் இருந்தால், முன்பக்கத்தில் ‘சேர்த்தது’ என்ற வினை எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று தெரியும். உண்மையாகவே தேங்காய் எண்ணெயில் மட்டும் பொரிப்பவர்கள் ‘மட்டும்’ என்ற சொல்லை எழுத மறப்பதுதான் வருத்தம். ‘தேங்காய் எண்ணெயில் மட்டும்’. அந்த ஒரு சொல்லைப் போலிச் சரக்கால் எழுத முடியாது.

தேனுக்குப் போவோம். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியதிலிருந்து இந்த ஊரின் பெயரே தேனுக்கு முத்திரை. மார்த்தாண்டம் தேனுக்கும் 2023ல் புவிசார் குறியீடு வந்தது. வந்தபின் விதி மாறிவிட்டது: அந்தப் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்கள்தான் பயன்படுத்தலாம், தனி ஒருவர் அதைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யவும் முடியாது. பழைய லேபிளைத் தூக்கிப் போட மனசில்லாமல் அப்படியே ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தேன் பாட்டில்களில் சொற்பொய் கொஞ்சம் அதிகம். ‘காட்டுத்தேன்’, ‘மலைத்தேன்’, ‘மலர்த்தேன்’ என்று எழுதியிருக்கும். இங்கே கிடைப்பதில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துப் பெட்டித்தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து தேனீக்கள் எடுப்பது. அதில் காடும் இல்லை, மலையும் இல்லை, கண்டிப்பாகச் சொன்னால் மலரும் இல்லை. ரப்பர் என்ற சொல்லைக் கேட்டால் வாங்குபவருக்கு டயர் நினைவுக்கு வரும் என்று பயந்து மறைக்கிறார்கள். பயம் நியாயமானது, பொய் தேவையில்லை. ‘ரப்பர்த் தளிர்த் தேன்’ என்று எழுதிப் பாருங்கள். தளிர் என்ற ஒரு சொல் டயரை மறக்கடித்துவிடும், உண்மையும் கெடாது. இந்தத் தேன் உறையும். உறைந்தால் சர்க்கரைப் பாகு என்று திருப்பிக் கொடுப்பார்கள். லேபிளில் ‘உறைவது இயல்பு, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்’ என்ற வரி இருந்தால் அந்தச் சண்டை கடைக்கு வராது. கொட்டாத சிறு தேனீயின் தேனை இங்கே சிறுதேன் என்பார்கள், வெளியே கொசுத்தேன். உணவுப் பாட்டிலில் கொசுவை எழுத வேண்டாம். இங்கே மட்டும் ஊர்ச்சொல்தான் எல்லா ஊருக்கும் சரி.

பிராண்டு நாற்காலிக்கு எது பொருத்தம்? தமிழில் கிடைத்த நல்ல உதாரணம் ஆவின். ‘ஆ’ என்றால் பசு, ‘இன்’ உருபு. ‘ஆவின் பால்’ என்றால் பசுவின் பால். பெயரும் பொருளும் சேர்ந்தால்தான் தொடர் முடிகிறது, அதனால் வாயில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல்ல வரும். பழைய சொல் என்பதால் தினசரிப் பேச்சில் தேயவும் இல்லை. பனை, தென்னை, கடல் என்று சுற்றிச் சுற்றி வரும் குமரிப் பெயர்களில் இந்த இலக்கண நுட்பத்தைப் பார்க்க முடியவில்லை.

பெயரை முடிவு செய்யும் முன் உருபு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். தமிழில் யாரும் பெயரைத் தனியாகச் சொல்வதில்லை. ‘அதுல வாங்கினேன்’, ‘அவங்ககிட்ட கேளு’, ‘அது இருக்கா’ என்ற மூன்று வாக்கியத்திலும் பெயரைப் பொருத்துங்கள். ‘-ஸ்’, ‘-ட்ஸ்’ என்று முடியும் பெயர்கள் ‘-ல’ சேரும்போது நாக்கில் இடறும். ‘-ம்’ என்று முடிபவை இலக்கணப்படி ‘-த்து’ ஆக வேண்டும், பேச்சில் ஆகாது, அதனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உயிரில் முடிபவை வழுக்கிக்கொண்டு போகும். பிறகு மார்த்தாண்டம் சந்திப்பில் நின்று ஃபோனில் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் ஒரே தடவையில் எழுதுகிறாரா பாருங்கள். ‘பாலா’ என்றால் ஆங்கில எழுத்தில் B போடுவதா, P போடுவதா என்று கேட்பார். தமிழில் ஒரே ப. வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி., உணவு உரிமம் எல்லாவற்றிலும் பெயர் ஆங்கில எழுத்தில் போவதால், மூன்று இடத்தில் மூன்று எழுத்துக்கூட்டல் விழுந்துவிடும். ‘ழ’ இருந்தால் இன்னும் கஷ்டம். மாவட்டத்துக்குள் மட்டும் விற்பவருக்கு ‘ழ’ அழகு. பெங்களூருக்கு அனுப்புகிறவருக்குத் தொல்லை.

ஒலி ஒற்றுமையை நீதிமன்றமும் காதால்தான் பார்க்கிறது. ‘அமிர்ததாரா’வுக்கும் ‘லக்ஷ்மண்தாரா’வுக்கும் நடந்த வழக்கில் 1962ல் உச்ச நீதிமன்றம், சாதாரண வாடிக்கையாளர் சொல்லைப் பிரித்து அமிர்தம் வேறு லட்சுமணன் வேறு என்று பொருள் ஆராய மாட்டார், மொத்த ஓசையைத்தான் நினைவில் வைப்பார் என்றது. ‘அவங்க தென்றல், நாங்க தென்னல்’ என்று வாதாட நினைப்பவர்களுக்கு இது போதும். தெய்வப் பெயர், வேதப் பெயர் வைக்க எந்த மதத்துக்காரருக்கும் இங்கே தயக்கமில்லை; ஆனால் ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனி உரிமையாக்க முடியாது என்று 2015ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேச்சுவழக்கை நம்பி ‘மக்கா’ என்று வைக்க ஆசைப்படுவோர் உண்டு. நம் ஊர் அன்பு அதில் இருக்கிறது, சரி. எழுத்தில் அது புனித நகரத்தின் பெயரும்கூட. விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் பெயர்களில் முதல் எழுத்தை எடுத்துக் கோக்கும் பழக்கத்தைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் இந்த அடுக்கில் மிக வலுவான பெயர்கள் அவைதான்: வேறு யாரிடமும் இருக்காது, எதையும் வர்ணிக்காது. பக்கத்தில் பொருளின் பெயர் தெளிவாக இருந்தால் போதும்.

எழுத்துப்பிழைக்கு ஒரு வார்த்தை. வாட்ஸாப்பில் யூனிகோடில் அனுப்பிய பெயரை அச்சகத்தில் தமிழ் யூனிகோடைச் சரியாகக் காட்டத் தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். ‘கொத்து’ என்பதில் கொம்பு ஓர் எழுத்து தள்ளி விழுந்ததைப் பார்க்காமல் ஆயிரம் கவர் அடித்த பிறகு அழுது பயனில்லை. எழுத்தாக வேண்டாம், கோட்டுருவாக மாற்றிய கோப்பாகக் கேளுங்கள். அச்சுக்கு முன் தாளில் எடுத்துப் படியுங்கள். ‘ஏத்தன்’ வாழையின் பெயரில் ‘ஏ’வின் கால் விடுபட்டால் ‘எத்தன்’ ஆகிவிடும்; எத்தன் என்றால் ஏமாற்றுக்காரன். சிப்ஸ் பாக்கெட்டுக்கு அதைவிடப் பொருத்தமில்லாத பெயர் கிடையாது. ‘முந்திரிக்கொத்து’ என்று ஒற்றுப் போட்டுச் சேர்த்து எழுதினால் ஒரு பலகாரம். ‘முந்திரி’ ஒரு வரி, ‘கொத்து’ அடுத்த வரி என்று உடைத்தால் மறுபடியும் பருப்புக் குழப்பம். இணையக் கடையில் மட்டும் ஒற்று இல்லாமல் பிரித்த வடிவத்தையும் தேடுசொல்லாகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தேடுகிறவர் அப்படித்தான் தட்டுவார்.

சொற்களை எந்த நிறத்தில் அடிப்பது என்பதிலும் காசு இருக்கிறது. ரோலாக அடிக்கும் கவருக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். பெயருக்குச் சிவப்பு, துணை வரிக்குப் பச்சை, சேர்மானத்துக்குக் கறுப்பு என்று பிரித்துவிட்டால், நாளைக்கு ‘சேர்த்தது’ என்பதை ‘மட்டும்’ என்று மாற்றும்போது இரண்டு மூன்று சிலிண்டர் போகும். பிராண்டு தவிர மற்ற எல்லாச் சொல்லையும் கறுப்பிலேயே வைத்தால் ஒன்றோடு முடியும். முதல் சில மாதம் வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுங்கள். எந்தச் சொல்லுக்கு வெளியூர் வாடிக்கையாளர் ‘அப்படின்னா என்ன?’ என்று கேட்கிறார் என்று கடைப்பையன் ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு சிலிண்டருக்குச் சொன்னால் போதும்.